கிடந்த இடம்

அன்பு பொன்மணி,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நீ ஏழாயிரம்பண்ணைக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது. பட்டாசு கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். ஊருக்கு மேற்கே மேட்டில் அகழாய்வு நடக்கிறது, அங்கே குழியில் மண் சுரண்டுகிறேன்.

நேற்று என் கரண்டியில் பாதி உடைந்த சங்கு வளையல் ஒன்று தட்டுப்பட்டது. எடுக்கக் குனிந்தேன்.

"அண்ணாச்சி, எடுத்துராதீக!" என்று ஆராய்ச்சி மாணவி யோகேஸ்வரி ஓடிவந்தாள். எவ்வளவு ஆழம், எந்த மண் அடுக்கு, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று அளந்து, படம் பிடித்து, எழுதிக்கொண்ட பிறகே எடுத்தாள்.

"அளக்காம எடுத்துட்டா இது வெறும் வளையல்தான் அண்ணாச்சி. கெடந்த எடந்தான் அங்கன இருந்தவுகளப் பத்திச் சொல்லும்."

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

நம் பிரீத்தி பட்டாசு வேலைக்குப் போய், வெடி விபத்தில் திரும்பாமலே போன அந்த வாரமே, கொடியில் காய்ந்த சுடிதார் வரைக்கும் அவள் சாமான்களை மூட்டை கட்டினேன். "ஒரு நாளாவது அப்படியே கெடக்கட்டும்ங்க" என்று நீ அழுதாய். பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மூட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. மோட்டார் ரூமில் வைத்திருந்தேன், இன்று வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். சீப்பு சன்னலில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதை அங்கே வைத்தேன். மற்றது எது எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை, பொன்மணி. எல்லாம் தரையில் கிடக்கிறது. நான் சுவரோரமாக நடக்கிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா