தண்டுப்புழு வந்த கோடை

என் செல்ல மகளுக்கு,

இந்தக் கோடையில் மழைக்குக் குறைவில்லை. இந்த மலையில் எல்லாரும் போடுவது போல மக்காச்சோளத்துக்கு நடுவே நாங்கள் போட்ட கஞ்சாச் செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. ஆனால் போன மாதம் பல செடிகளின் நுனி வாடியது. தண்டில் சின்னத் துளை, அதன் வாயில் மரத்தூள் போல எச்சம். உள்ளே புழு.

பக்கத்து வீட்டு லிக்கெலேலி வந்து பார்த்தாள். "வேரோட பிடுங்கி எரிச்சிடுங்கண்ணே, இல்லன்னா மொத்தமும் போயிடும்" என்றாள்.

"பிடுங்கிப் போடுறது சுலபம்மா. அப்புறம் வெறும் குழியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கணும்" என்றார் உன் அப்பா. வயிற்றுப் பிள்ளையோடு நின்ற உன்னை, "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று விரட்டிய அதே மனிதர்.

ஒவ்வொரு செடியிடமும் மண்டியிட்டு, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுத்தார். பிளந்த தண்டுகளைத் தன் பழைய சட்டையைக் கிழித்துக் கட்டினார். பாதிக்கு மேல் தளிர்த்துவிட்டன.

நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார், "அவ பையன் நடக்கிறானா?"

எனக்குத் தெரியும். இருந்தும், "அவளையே கேளுங்க" என்றேன்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அவ இருக்கிற மசேருலேருந்து பஸ் சனிக்கிழமையும் வருதில்ல?" என்றார்.

வருகிறது, மகளே.

உன் அம்மா