வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

உடுவில்
ஆவணி, 1991

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஷெல்லடிக்குப் பயந்து மயிலிட்டிக் கடற்கரையை விட்டு நாங்கள் ஓடிவந்து ஒரு வருடமாகிறது. நீங்கள் தொழிலுக்குப் போன வள்ளம் இன்னும் கரைக்கு வராததைப் பற்றி என்னோடு யாரும் கதைப்பதில்லை. கதைக்க நான் விடுவதும் இல்லை.

இங்கே ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய கல்வீட்டில் இருக்கிறோம். சில காலைகளில் முன்வாசல் படியில் ஈரக் காலடிகள் கிடக்கின்றன. வெயிலில் காய்ந்ததும் உப்புப் பூக்கிறது. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியக்கா வாசல் நிலையில் மந்திரித்த தேசிக்காய் கட்டிவிட்டா.

"உது செத்துப்போன இந்த வீட்டுச் சொந்தக்காரன், பிள்ளை. தேசிக்காய்க்குப் பயந்துதான் உள்ளுக்கு வராமல் நிக்குது" என்கிறா.

அவவுக்கு என்ன தெரியும்? அந்தக் காலடிகளில் வலது காலுக்குச் சின்னவிரல் இல்லாததை அவ கவனிக்கவில்லை. சுறா கடித்த அன்று உங்கள் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான்.

செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியை உங்களுக்கும் செய்யச் சொல்லி அண்ணை வந்து வந்து கேட்கிறார். நான் ஓம் சொல்லவில்லை.

தேசிக்காயை அறுத்தெறிந்துவிட்டேன். அப்படியும் நீங்கள் படியைத் தாண்டவில்லை. நேற்றுத்தான் எனக்கு விளங்கியது. கடலால் வந்து, கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைகிற ஆளா நீங்கள்?

மயிலிட்டியில் வைப்பதுபோலவே வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருக்கிறேன். உப்பைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

கதவைப் பூட்டாமல் இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி