நாலாம் லோடரின் ரப்பர்

3 பிப்ரவரி 2025, திங்கள்

இரண்டாம் லோடர் இன்று இழுக்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, ஆனால் சாக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குருணைகூட மேலே மெஷினுக்கு ஏறவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். மோட்டாரையும் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போனது. புதிதாகச் சேர்ந்த ஜெய்சன் வந்து, உறிஞ்சுகுழாய் நெடுக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான். வளைவில் நின்றான். "இங்கன காத்து உள்ள போவுது, அண்ணாச்சி." குருணை உரசி உரசி, ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. டேப் சுற்றினான். சடசடவென்று இழுத்தது.

மேனேஜர் குமரகுருபரன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாரிராஜ், நீங்களும் இப்படித் தொட்டுப் பாருங்களேன்."

கங்கைகொண்டானில் இந்தக் குழாய் ஃபேக்டரி திறந்த நாளிலிருந்து நான் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷம். அவன் வந்து மூன்று வாரம்.

6 பிப்ரவரி

மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் வேலை காலியாகிறது. கேன்டீனில் எல்லோரும் ஜெய்சன் பேரைத்தான் சொல்கிறார்கள். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

13 பிப்ரவரி, வியாழன்

இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு மதியம். ஒன்றரை மணிக்கு நாலாம் லோடரின் அடிக்கதவைத் திறந்து பார்த்தேன். ரப்பர் கிழிந்திருந்தது. கதவு இறுக மூடாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றுவிடும். மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

மாற்றவில்லை. ஷிப்ட் நோட்டில் எழுதினேன்: 'நாலாம் லோடர் – கதவு ரப்பர் சரி.'

பெரிய கைராசிக்காரன்தானே, கண்டுபிடிக்கட்டும்.

14 பிப்ரவரி, வெள்ளி

நேற்று லைன் மூன்று மணி நேரம் நின்றதாம். நோட்டில் நான் எழுதியதை நம்பி, கதவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறான். கடைசியில்தான் கதவைத் திறந்து கிழிசலைப் பார்த்தானாம். இன்று இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜெய்சன் முந்திக்கொண்டான்: "மதியத்துக்கு மேலதான் சார் கிழிஞ்சிருக்கு. நாந்தான் கவனிக்கல."

வெளியே வந்து கேட்டேன். "ஏம்வே அப்படிச் சொன்னீரு?"

"கிழிசல்ல தூசி அப்பியிருந்துச்சு, அண்ணாச்சி. முன்னாடியே கிழிஞ்சதுதான். நீங்க பாக்காம விட்டிருப்பீங்க. யாருக்கும் நடக்கதுதான?"

பாக்காம விட்டேனா? பாத்துட்டுல்லா விட்டேன்! இதுலயும் அவந்தான் ஒசத்தி. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்காரி சுடலைவடிவு என் மூஞ்சியைப் பார்த்தே என்னவென்று கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீனை உரசிக் கழுவினாள். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அந்த ஜெய்சன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

17 பிப்ரவரி

சொன்னேன். முதலில் அவனிடம், பிறகு மேனேஜரிடம். மேனேஜர் மெமோ கொடுத்தார். ஜெய்சன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

21 பிப்ரவரி

நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் அவன் மறுபடி திறந்து பார்க்கிறான். பார்க்கத்தானே செய்வான்?

1 மார்ச்

இன்சார்ஜ் ஜெய்சன். எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அவன் கை சூடாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

10 மார்ச், திங்கள்

முதலாம் லோடர் மந்தமாக இழுத்தது. ஜெய்சனும் வந்தான். சாக்குக்குள் உறிஞ்சுகுழாய் ஆழமாகப் புதைந்து காற்று போகாமல் இருக்கும் என்றேன். ஃபில்டர்தான் என்றான் அவன். ஏணியை எடுத்துச் சாத்தினான். தரையில் குருணை சிந்திக் கிடந்தது, காலை வைத்தால் வழுக்கும். சுற்றிலும் பார்த்தான். நானும் அவனும்தான்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிங்க."

மூன்று வாரத்தில் அவன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஃபில்டர்தான். அவன் ஏறித் திறந்தபோது மாவு மாதிரி தூசி அடைத்திருந்தது. மறுபடியும் அவன் சொன்னதே சரி. வயிறு இன்றைக்கும் எரிந்தது, இல்லை என்று எழுதினால் பொய். அவன் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.