மாதா தாண்டிப் போகும் வீடு

அக்டோபர் 1, 2025, புதன்

ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டது. தினம் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபம். மாதா சுரூபம் அன்று அந்த வீட்டில் தங்கும். மறுநாள் அந்த வீட்டார்தான் தூக்கிப்போய் அடுத்த வீட்டார் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு. மாதத்தில் முப்பத்தொரு நாள். டேவிட்சன் அண்ணாச்சி ஒட்டியிருக்கும் பட்டியலில் முப்பது பெயர். இருபத்தொன்பது இமெல்டா வீடு, முப்பது அண்ணாச்சி வீடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் வீடு. முப்பத்தொன்றாம் தேதிக்கு நேரே ஒரு கோடு.

நான் இங்கே குடிவந்து நான்கு வருடம். ஒவ்வொரு வருடமும் வெட்கமில்லாமல், ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கிலோ கடலை ஊறப்போடுகிறேன். பிறகு மூன்று நாள் நானே சுண்டல் தின்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்களை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். என்னைப் பார்த்து முறைத்தபடியே இருந்தார்கள். நானும் பத்து வருடத்துக்கு முன்பு உங்களைப் போல ராத்திரியில் ஹார்பர் பக்கம் ஆளுக்காக நின்றவள்தான் என்று சொன்ன பிறகுதான் என்னோடு டீ குடித்தார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

மதுரையில் பயிற்சி. எங்கள் தொழிலை எந்த நாடு எப்படிப் பார்க்கிறது என்று ஒரு மேடம் விளக்கினார். நியூசிலாந்தில் அது ஒரு வேலை. சில நாடுகளில் இரண்டு பேருக்கும் ஜெயில். நம் நாட்டில் தொழில் குற்றமில்லை, தெருவில் நின்று கூப்பிட்டால் குற்றம். ஸ்வீடனில் விற்கிறவளை விட்டுவிட்டு வாங்குகிறவனைப் பிடிப்பார்களாம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேடம் ஏன் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்வீடனாக இருந்தால் பட்டியலில் யார் வீடு விடுபட்டிருக்கும்? டேவிட்சன் அண்ணாச்சி அந்தக் காலத்தில் என்னிடம் வந்தவர். இதை இன்றுதான் எழுதுகிறேன். இந்த நான்கு வருடத்தில் ஒரு நாளும் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை.

மாதாவைத் தாண்டிக் கொண்டுபோ என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. அது எங்கள் தெருச் சட்டம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசையில் அண்ணாச்சி குடும்பம் எனக்கு முன் பெஞ்சில். போட்டு உடைத்துவிடலாமா? பூசை முறைப்படி பக்கத்தில் இருப்பவர்களை வாழ்த்தும் நேரத்தில் அவர் மனைவி திரும்பிக் கைகூப்பி எனக்கும் "சமாதானம்" சொன்னாள். முடியாது.

அக்டோபர் 25, சனி

இமெல்டாவிடம் அழுதுவிட்டேன். நான் என்ன கேக்கேன்? ஒரு சாயங்காலம். ஒரே ஒரு சாயங்காலம் — அதுக்குக்கூட நான் ஆளில்லையா?

இமெல்டா என்னைத் தடவிக்கொடுக்கவெல்லாம் இல்லை. "ஏளா, என்கிட்ட அழுது என்ன செய்ய? பட்டியல் போட்டவர்ட்ட போய்க் கேளு" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

போனேன். வலைக் கடையில் அண்ணாச்சி தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. பட்டியலில் என் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தெருவில் நாலு பேர் பேசுவார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்குள் வந்தால் எல்லார் முன்னாலும் நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று இத்தனை வருடம் பயந்திருக்கிறார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அண்ணாச்சி, நான் மாதாவத்தான் கூப்பிடுதேன். பழச கூப்பிடல" என்றேன்.

அதோடு திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

இமெல்டா வீட்டு ஜெபம் முடிந்து வந்து கடலை ஊறப்போட்டேன். இந்த முறை இரண்டு கிலோ. பைத்தியம்தான் நான்.

அக்டோபர் 30, வியாழன்

மாதா என் மேசைமேல் இருக்கிறாள்.

ஆறு மணிக்கு இமெல்டா சுரூபத்தோடு படியிறங்கினாள். அண்ணாச்சி கை நீட்டி வாங்க வேண்டும். அவர் நீட்டவில்லை. "எங்க வீடு நாளைக்கு. இன்னைக்கு பிளாரன்ஸ் வீடு" என்றார். என் பெயரை அவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். மற்ற எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அழுகையில் எனக்கு ஜெபமே வரவில்லை, இமெல்டாதான் சேர்த்துச் சொன்னாள்.

சுண்டல் பத்தவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

முறைப்படி இன்று நான்தான் அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும். தெருவே பார்க்கத் தூக்கிப்போனேன். வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்து வா தங்கச்சி, படி இருக்கு" என்றார்.

அவர் வீட்டுக்குள் முழங்காலிட்டு ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஜெபம் சொன்னேன். அவர் மனைவி டீ கொடுத்தாள். சீனி கொஞ்சம் அதிகம்.