கோல்கீப்பருக்குப் பாடம் வாசித்தவன்

அன்புள்ள கேப்டனுக்கு,

இங்கு நான் நலம். நீயும், அன்று அடிபட்ட உன் இடது தோளும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் முதல் கவலை. மற்ற கவலைகள் கீழே வரிசையில் நிற்கின்றன.

இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். உங்கள் அணியின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெனால்ட்டியை நீ பிடித்ததைப் பேக்கரியில் எல்லாரும் டிவியில் பார்த்தோம். நீ வலப்பக்கம் பாய்ந்தபோது நானும் பாய்ந்து மாவு மூட்டை மேல் விழுந்தேன். அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனது. நாட்டுக்காகக் கருகியது, போனால் போகட்டும் என்றார் முதலாளி. மறுநாள் காலையில் அதற்காகவே என்னைத் திட்டவும் செய்தார்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். மேட்சையெல்லாம் நான் பார்க்கவில்லை என்றார். சட்டப் படிப்பின் கடைசித் தேர்வை வைத்துக்கொண்டு மகள் ஊர் ஊராகப் பந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள், கட்டிக்கொண்டவனும் சேர்ந்து தாளம் போடுகிறான் என்று எனக்கு நல்ல மண்டகப்படி. செருப்பை மாட்டும்போது மட்டும், டிவியில் உன் முகம் இளைத்துத் தெரிந்தது என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழியனுப்பிவைத்தேன்.

பாடங்கள் வந்து சேருகின்றன அல்லவா? பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் உனக்குத் தலை சுற்றும், காதால் கேட்டால் மனதில் நிற்கும் என்றாய். அதனால் வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டத்தை வாசித்துப் பதிவு செய்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனை இந்தப் பாடு படுத்துகிறாய்.

போன வாரத்துப் பாடத்தில் நடந்த தவறுக்கு நான்தான் பொறுப்பு. வாசித்து முடித்தபின் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில் உள் அறையைப் பார்த்து, "ஏய், வந்து சாப்பிடு, ஆறிடும்" என்று கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டது எனக்கே தெரியாது. பயிற்சிக்குப் போகிற வழியில் அதைக் கேட்டுவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன் என்று நீ சொன்னபிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் உன்னை ஆட அழைக்கும் வெளிநாட்டுக் கிளப்பைப் பற்றியும் சொன்னாய். கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் அங்கேதான், உடனே கிளம்ப வேண்டும், தேர்வும் தள்ளிப்போகும். "போடட்டுமா? நீ சொன்னா போடறேன். இல்லன்னா வந்துடறேன்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. "சரி, புரியுது" என்று வைத்துவிட்டாய். என்ன புரிந்ததோ, அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நேற்று வாசித்த பாடத்தில், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று இருந்தது. அந்த வரியில் என் குரல் தட்டுத் தடுமாறுவதைப் பதிவில் கேட்பாய்.

ஆகவே பதில் சொல்கிறேன். போ என்று சொன்னால் அது பொய். வந்துவிடு என்று சொன்னால் அது பாவம். கோலில் நின்றுகொண்டு, இடப்பக்கம் பார், இடப்பக்கம் பார் என்று உன் அணிப் பெண்களை நீ அதட்டுவது டிவியில் கேட்கிறது. அந்த அதட்டல் இல்லாமல் எனக்குத் துணி காயப்போடக்கூடக் கை ஓடவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அன்று நீ பாய்ந்ததைப் பார்த்தபின், இவளை எந்த வாயால் திரும்பக் கூப்பிடுவது என்றும் இருக்கிறது.

தேர்வு முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டால் கிளப் பொறுக்கும், முகாமிலும் விடுப்பு தருவார்கள் என்று அக்கா சொல்கிறார். கேட்டுப் பார். வந்து தேர்வை எழுது. அந்த ஒப்பந்தத்தையும் கையோடு கொண்டுவா. அதில் கையெழுத்துப் போடுவதென்றால் நம் சாப்பாட்டு மேசையில், என் பக்கத்தில் உட்கார்ந்து போடு. பேனாவை நானே எடுத்துத் தருவேன். மூடியைத் திறக்க நேரமெடுத்தால் அவசரப்படுத்தாதே.

கடைசிப் பாடத்தைப் பதிவு செய்யவில்லை. நேரிலேயே வாசிக்கிறேன். தோளைப் பார்த்துக்கொள். உன்னை எந்தப் பந்தும் ஏமாற்றாமல் இருக்கட்டும்.

வந்து சாப்பிடு. ஆறிடும்.

இப்படிக்கு,
உன் ரொட்டிக்காரன்