கைப்பிடியில் வைத்த சந்தனம்

மச்சான்,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதுகிறாள். தாளை அமுக்கிப் பேரை மேடாக எழுப்பும் நம் கம்பெனி சீல் என் மடியில் இருக்கிறது. இரும்பு வாடைக்கு அடியில் இன்னும் லேசாகச் சந்தனம் மணக்கிறது.

இன்று காலை உன் மகள் என்னைக் கிள்ளான் ஆபீசுக்கு அழைத்திருந்தாள். கம்பெனியைச் சிங்கப்பூரில் பதிகிறாள். பெரிய சரக்கு வேலை ஒன்று வருகிறது. அங்கே பதிந்த கம்பெனிக்குத்தான் கொடுப்பார்களாம். எல்லாவற்றையும் அந்தக் கம்பெனி பேருக்கு மாற்றிவிட்டு, இங்கே இருக்கும் பதிவை மூடிவிட வேண்டும். அதற்கு மிச்சமிருக்கும் பங்காளியான என் கைநாட்டு வேண்டும். ஒரு வாரமாக நான்தான் இழுத்தடித்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து இங்கிலீஷ் படித்தவன். நான் லோரி ஓட்டியவன். பதியப் போன அன்று உன் பேர் மட்டும் போதும் என்றேன். நம் இருவர் பேரும் இல்லையென்றால் பதிவுப் பாரமே வேண்டாம் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ சொன்னதும் "கம்பெனியப் பாத்துக்க மச்சான்" என்றுதான். பார்த்துக்கொள்ளச் சொன்னதை நானே கைநாட்டு வைத்து மூடுவதா?

நம் முதல் ஆயுத பூசை நினைவிருக்கிறதா? நீ சர்ச்சுக்குப் போகிறவன். ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நான் லோரிகளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மேசையில் இருந்த சீலுக்கும் வைத்தேன். பக்தி கூடிப்போய், தாளைக் கடிக்கும் அதன் வாய்க்குள்ளேயே சந்தனத்தை அப்பிவிட்டேன். அது காய்ந்து இறுகியது. மறுவாரம் நீ அவசரத்தில் அமுக்கி அனுப்பிய பத்திரம் திரும்பி வந்தது. தாளில் பேர் எழும்பவே இல்லை.

நான் பயந்துபோய் நின்றேன். நீ பல் துலக்கும் பிரஷை எடுத்துச் சுரண்ட உட்கார்ந்தாய். "ஒன் சாமி நம்ம கம்பெனி பேரையே முழுங்கிருச்சி லா" என்றாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னாய்:

"பேரு விழலன்னா என்னடா, லோரி ஓடுச்சில்ல."

அடுத்த வருசம் நீயே சீலை என்னிடம் நீட்டினாய். "கைப்பிடியில வை. வாயில வைக்காத." அதற்குப் பிறகு ஒரு வருசம் கூட நீ நீட்டத் தவறியதில்லை.

இன்று உன் மகள் ஒவ்வொரு தாளையும் உன்னைப் போலவே தமிழில் சொல்லிக் காட்டினாள். படித்துக் காட்டாத தாளில் என் விரலை நீ ஒருநாளும் வைக்கவிட்டதில்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், பேப்பர் மட்டும்தான் அங்க போகுது. லோரி, டிரைவருங்க எல்லாம் இங்கதான். இந்த வேல கிடைக்கலன்னா பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பணும்."

வெளியே ஒரு லோரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. நீ பிரஷோடு குனிந்திருந்தது கண்ணில் வந்தது. நீ என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது எதை என்று அப்போதுதான் பிடிபட்டது. மையில் விரலைத் தொட்டு வைத்துவிட்டேன்.

புதுக் கம்பெனிக்கு சீல் எல்லாம் வேண்டாமாம். பெட்டியில் போடப்போனாள். எனக்குக் கொடு என்று வாங்கி வந்தேன்.

சற்று முன் ஒரு வெள்ளைத் தாளை அதன் வாயில் வைத்து அமுக்கினேன். எழுத்துகள் மேடாக எழும்பின. படிக்கத் தெரியாத நான் மைக்கறை போகாத விரலால் வட்டமாகத் தடவிக்கொண்டே போனேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தாள் தட்டையாகக் கிடந்தது.

அங்கே என் சந்தனம் இருக்கிறது, மச்சான். அந்தத் துளியை மட்டும் நீ சுரண்டாமல் விட்டிருக்கிறாய்.