மிஸ் சொல்லாத பதில்

முடிச்சூர்,
வெள்ளி காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தைக்கும் பாப்பாவுக்கும் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில், ஏரி ஓரம் வீட்டுமனை போடலாமா கூடாதா என்று பிள்ளைகளை விவாதிக்கச் சொன்னேன். வினிதா கூடாது என்று பேசினாள். அவள் அப்பா மோகன்ராஜ் மனை விற்பவர். மறுநாளே மகளோடு வந்து தலைமை ஆசிரியை முன்னால் கத்தினார்.

"எம் பொண்ணு மனசுல இன்னாத்த ஏத்தினு கீறீங்க? வேலைய வுட்டே தூக்கிடுவேன்!"

வினிதாதான் பேசினாள்.

"மிஸ் எதுவும் சொல்லலப்பா. அவங்க எந்தப் பக்கம்னு கேட்டோம், அதைக்கூட சொல்லல. வெள்ளத்துல ரெண்டு நாள் மொட்டை மாடியில நின்னோம்னு நீதானே சொன்ன? அதை வச்சு நானா யோசிச்சேன்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, வாங்குறவங்களுக்கு வூடு வேணாமா? அதுக்கு இன்னா சொல்ற?" என்று அவளிடமே கேட்டார்.

"தெரியலப்பா, யோசிக்கணும்."

இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தென்காசியிலிருந்து யாராவது தாம்பரம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். பாப்பாவின் பழைய கவுன் ஒன்றும் வையுங்கள், எதற்கென்று கேட்காதீர்கள்.

பாப்பா எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லாதீர்கள், அவளே யோசிக்கட்டும். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் மட்டும், பொங்கலுக்கு என்று உடனே சொல்லிவிடுங்கள்.

ஸ்கூல் வேன் வந்துவிட்டது.

உங்கள்
பூங்கொடி